சி-ஸ்டார்: எல்லை காக்கப் போன கப்பலும் அதில் இருந்த இருபது இலங்கையரும்

2017 ஜூலை கடைசி வாரம். சைப்ரஸ் தீவின் வடக்கே, துருக்கியர் பகுதியில் இருக்கும் ஃபமகுஸ்தா துறைமுகத்துக்கு சி-ஸ்டார் என்றொரு பழைய கப்பல் வந்து சேர்ந்தது. நாற்பது மீட்டர் நீளம், 1975இல் கட்டியது. அதை வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளைச் சேர்ந்த இளைஞர்கள். லிபியாவிலிருந்து ரப்பர் படகில் வருகிறவர்களை ஐரோப்பாவுக்குள் விடக்கூடாது, அவர்களைக் கடலில் காப்பாற்றும் தொண்டு நிறுவனக் கப்பல்களைப் பின்தொடர்ந்து தொந்தரவு கொடுக்க வேண்டும் என்பது திட்டம். 'டிஃபெண்ட் யூரோப்', அதாவது ஐரோப்பாவைக் காப்போம், என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கப்பலில் சுமார் இருபது இலங்கையர்கள் இருந்தார்கள். பயிற்சி மாலுமிகள் என்று காகிதத்தில் போட்டிருந்தது. பல செய்திகளில் தமிழர்கள் என்றே வந்தது. போலி ஆவணம், ஆள் கடத்தல் என்ற சந்தேகத்தில் கேப்டன், கப்பல் முதலாளி உட்படச் சிலரைப் பிடித்து வைத்து, இரண்டொரு நாளில் விட்டுவிட்டார்கள். இலங்கையரில் ஐந்து பேர் அங்கேயே புகலிடம் கேட்டார்கள். மற்றவர்களை விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள்.

உலகப் பத்திரிகைகள் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகத்தான் போட்டன. அகதிகளைத் தடுக்கப் போன கப்பலிலேயே அகதிகள் என்று தலைப்பு, கீழே நூறு கேலி. எனக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. அந்த இருபது பேரும் யாரோ ஒரு தாய் தகப்பன் பெற்ற பிள்ளைகள். அப்புறம் இன்னொன்று. அந்தக் கேலியில் கப்பலுக்குப் பின்னால் இருந்த வலைப்பின்னல் கண்ணில் படாமலே போய்விட்டது. கப்பல் தோற்றது, ஆனால் அதை அனுப்பியவர்கள் தோற்கவில்லை. இந்த நிகழ்வை இத்தனை வருடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்

ஐரோப்பாவில் இஸ்லாமிய எதிர்ப்புக் குழுக்கள் எல்லை தாண்டிக் கைகோக்கப் பார்ப்பது புதிதல்ல. 2007இல் 'ஐரோப்பா இஸ்லாமியமாவதை நிறுத்து' என்ற பெயரில் டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் இருந்த இரண்டு சிறு குழுக்கள் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கின. அதே வருடம் செப்டம்பர் 11 அன்று பிரஸ்ஸல்ஸில் ஊர்வலம் போக முயன்றார்கள், மேயர் தடை போட்டார், மீறி வந்தவர்களில் பெல்ஜியத்தின் தீவிர வலதுசாரிக் கட்சியான விளாம்ஸ் பெலாங்கின் தலைவர்களும் கைதானார்கள். அடுத்த மாதமே அதே பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே, பல நாட்டுக்காரர்கள் கூடி மாநாடு நடத்தினார்கள். இடம் பிடித்துக் கொடுத்தது விளாம்ஸ் பெலாங். அதன் தாய்க்கட்சி 2004இல் பெல்ஜிய நீதிமன்றத்தில் இனவெறிக்காகத் தண்டிக்கப்பட்டதால்தான் பெயரை மாற்றிக்கொண்டது. அந்த வரலாறு தெரிந்ததும் கூட்டணிக்குள்ளேயே சண்டை வந்தது, சிலர் விலகினார்கள்.

2008 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் 'இஸ்லாமியமயமாதலுக்கு எதிரான மாநாடு' என்று அறிவித்தார்கள். பல நாட்டிலிருந்து விருந்தினர் வருவதாக ஏற்பாடு. நகரமே எதிர்த்து நின்றது. டாக்சி ஓட்டுநர்கள் ஏற்ற மாட்டோம் என்றார்கள், விடுதிகள் அறை தரவில்லை. பத்திரிகையாளர் சந்திப்பை ரைன் நதியில் ஒரு படகில் வைத்துக்கொண்டார்கள், கரையிலிருந்து கல் பறந்தது, படகு கரை ஒதுங்க இடமில்லாமல் நதியில் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் பொதுக்கூட்டத்தைப் போலீஸே ரத்து செய்தது. கல் எறிந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த நகரத்து மேயரே, அதுவும் ஒரு பழமைவாதக் கட்சிக்காரர், எதிர்ப்பின் பக்கம் நின்றதை மறக்க முடியாது.

2012 மார்ச் 31 அன்று டென்மார்க்கின் ஓர்ஹுஸில் இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக் முன்னின்று ஐரோப்பிய அளவில் ஒரு கூட்டமைப்பு தொடங்க வந்தபோதும் இதே கதை. இருநூறு பேரளவில் வந்தார்கள், எதிரே ஆயிரக்கணக்கில் நின்றார்கள். 2016 பிப்ரவரி 6 அன்று டிரெஸ்டனின் பெகிடா இயக்கம் ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட நகரங்களில் ஆர்ப்பாட்டம் ஏற்பாடு செய்தது. டிரெஸ்டனில் சில ஆயிரம் பேர், பர்மிங்ஹாமில் இருநூறு பேர், கலேயில் தடை, அங்கே வந்து நின்ற ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஜெனரல் ஒருவர் கைது.

இந்த வரிசையைப் பார்க்கிற யாருக்கும், இவர்கள் கூடுவதும் கலைவதுமாகத்தான் இருக்கிறார்கள், விட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். நடுவில் ஒரு தேதியை விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். 2011 ஜூலை 22. நார்வேயில் ஒருவன் ஓஸ்லோவில் குண்டு வைத்து 8 பேரையும், உட்டோயா தீவில் இளைஞர் முகாமில் சுட்டு 69 பேரையும் கொன்றான். அவன் இணையத்தில் போட்ட ஆயிரத்து ஐந்நூறு பக்க ஆவணத்தில் கணிசமான பகுதி அவன் எழுதியதே இல்லை, இந்த இஸ்லாமிய எதிர்ப்பு எழுத்தாளர்களிடமிருந்து வெட்டி ஒட்டியது. தெருவில் இருநூறு பேர்தானே வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த எழுத்து எத்தனை நாடு கடந்து, எத்தனை கணினியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியவில்லை. ஓர்ஹுஸ் கூட்டம் நடந்து இரண்டே வாரத்தில் அவன் மீதான வழக்கு விசாரணை தொடங்கியது.

டிஃபெண்ட் யூரோப் நடத்தியவர்கள் இந்தப் பழைய ஆட்களிடமிருந்து ஒரு விஷயத்தில் வேறுபட்டார்கள். இவர்கள் 'ஐடென்டிட்டேரியன்', அதாவது அடையாளவாதிகள், என்று தங்களை அழைத்துக்கொள்கிற இளைஞர் இயக்கம். பிரான்ஸில் 2012இல் தொடங்கியது. அந்த வருடம் அக்டோபர் 20 அன்று புவாத்தியே நகரில் கட்டிக்கொண்டிருந்த மசூதியின் கூரையில் எழுபது பேரளவில் ஏறி, சார்ல் மார்டெல் அரபுப் படையை வென்ற 732ஆம் ஆண்டைப் பெரிதாக எழுதிய பதாகையை விரித்தார்கள். கீழே ஊர்வலம் போகக் கூட்டம் சேர்க்கவில்லை. கேமராவுக்காகச் செய்தார்கள், கேமரா வந்தது. மஞ்சள் கறுப்புக் கொடி, லாம்ப்டா என்ற கிரேக்க எழுத்துச் சின்னம், நறுக்கென்று வெட்டிய வீடியோ, இது அப்படியே ஆஸ்திரியா, ஜெர்மனி, இத்தாலி என்று பரவியது. சின்னமும் ஒன்று, வாசகமும் ஒன்று, பேசுகிற மொழி மட்டும் வேறு. ஆஸ்திரியக் கிளையின் முகம் மார்ட்டின் செல்னர், பெகிடா மேடையிலும் பேசியவர்.

பணம்

2017 மே மாதம் சிசிலியின் கத்தானியா துறைமுகத்தில், அகதிகளைக் காப்பாற்றும் அக்வாரியஸ் கப்பலை ஒரு சின்னப் படகில் போய் மறித்தார்கள். கனடாவிலிருந்து வந்த யூடியூபர் லாரன் சதர்னும் அந்தப் படகில் இருந்தார். கடலோரக் காவல்படை வந்து அப்புறப்படுத்தியது. அவ்வளவுதான் நடந்தது. அந்த வீடியோவைக் காட்டி இணையத்தில் வசூலில் இறங்கினார்கள்.

பேபால் நிறுவனம் கணக்கை முடக்கியது. உடனே அமெரிக்காவில் வலதுசாரிகள் நடத்திய ஒரு வசூல் தளத்துக்கு மாறினார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நான்கு நாட்டுக் கிளைகள், கனடாவின் யூடியூபர், அமெரிக்காவின் வசூல் தளம், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ அட்டையைத் தேய்த்துப் பத்து யூரோ, இருபது யூரோ போடும் முகம் தெரியாதவர்கள். தேசம், மண், எல்லை என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிற இயக்கத்துக்குப் பணம் வருகிற வழியில் எல்லையே இல்லை. ஓர்ஹுஸில் பழைய ஆட்களால் இருநூறு பேரைத்தான் கூட்ட முடிந்தது, இவர்களால் சில வாரத்தில் ஒரு கப்பல் வாடகையைத் திரட்ட முடிந்தது. வலைப்பின்னல் என்றால் இதுதான். தெருவில் தலையை எண்ணினால் இது தெரியாது.

கப்பல்

பணம் வந்ததும் சாதாரணப் பிரச்சினைகள் வந்தன. கப்பல் வேண்டும், மாலுமி வேண்டும், கொடி வேண்டும், துறைமுகம் வேண்டும். கடற்கொள்ளைக்காரர்களுக்கு எதிரான பாதுகாப்புத் தொழிலில் இருந்த ஸ்வீடன்காரர் ஒருவரிடமிருந்து சி-ஸ்டாரை எடுத்தார்கள். கப்பல் இருந்தது ஜிபூட்டியில். ஜிபூட்டிக் கொடியில் இருந்து மங்கோலியக் கொடிக்கு மாறியது. மங்கோலியாவுக்குக் கடலே கிடையாது, ஆனால் கப்பல் தொழிலில் இது சகஜம்: செலவு குறைவான, கேள்வி குறைவான நாட்டில் பதிவு செய்துகொள்வார்கள். அதே கணக்கில்தான் ஆட்களையும் எடுப்பார்கள், எந்த நாட்டில் கூலி குறைவோ அங்கிருந்து. சூயஸ் கால்வாயில் ஆவணம் சரியில்லை என்று கப்பலைச் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். அதைத் தாண்டித்தான் ஃபமகுஸ்தா.

அங்கே என்ன நடந்தது என்பதில் இரண்டு கதை இருக்கிறது. வடக்கு சைப்ரஸில் அகதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் அகதிகள் உரிமைச் சங்கம், இந்த ஆட்களில் சிலர் இத்தாலிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொன்னவர்களிடம் பணம் கட்டி வந்ததாகச் சொன்னது. கப்பல் தரப்பு, அவர்கள் பயிற்சிக்கு வந்த மாலுமிகள், பயிற்சி முடிந்து ஊர் திரும்ப வேண்டியவர்கள் என்றது. இயக்கத்துக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், தொண்டு நிறுவனங்கள்தான் அவர்களைத் தூண்டிப் புகலிடம் கேட்க வைத்தன என்றார்கள். கைதானவர்கள் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை, அதனால் ஆள் கடத்தல் நடந்தது என்று நான் எழுத மாட்டேன்.

ஆனால் ஐந்து பேர் புகலிடம் கேட்டது நடந்தது. அது எப்பேர்ப்பட்ட இடம் என்று பாருங்கள். வடக்கு சைப்ரஸை துருக்கி தவிர வேறு எந்த நாடும் நாடாக ஏற்றுக்கொள்ளவில்லை. அப்போது அங்கே புகலிடத்துக்கென்று தனிச் சட்டமில்லை, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சார்பில் ஓர் உள்ளூர்ச் சங்கம்தான் வேலை பார்த்தது. ஊருக்குத் திரும்புவதைவிட அப்படிப்பட்ட இடத்தில் நின்று, எனக்குப் புகலிடம் கொடு என்று கேட்பது மேல் என ஐந்து பேருக்குத் தோன்றியிருக்கிறது. ஏஜென்சிக்காரனுக்குக் காணியை விற்றுக் காசு கட்டுவது, கப்பலில் ஏற்றுகிறேன் என்று எவன் சொன்னாலும் நம்பி ஏறுவது, நடுவழியில் கைவிடப்படுவது, இதெல்லாம் ஈழத்துக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2009இல் ஓஷன் லேடி என்ற கப்பலில் 76 பேர், 2010இல் சன் சீ என்ற கப்பலில் 492 பேர் கனடாக் கரைக்குப் போனார்கள். அங்கேயும் அவர்களை முதலில் பயங்கரவாதிகள் என்றுதான் பார்த்தார்கள், மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள்.

சி-ஸ்டாரில் இருந்தவர்களுக்குக் கப்பலை எடுத்தவர்களின் கொள்கை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுக்கு அது ஒரு கப்பல், ஒரு வேலை அல்லது ஒரு வழி. ஐரோப்பாவைத் தன் இனத்துக்காகக் காக்கப் புறப்பட்டவர்களுக்கும் கயிறு இழுக்க, எண்ணெய் ஊற்ற, தளம் கழுவ ஆசியாவிலிருந்து மலிவான கை தேவைப்பட்டது. அந்த வசூல் வீடியோக்களில் மஞ்சள் கறுப்புக் கொடியும் நீலக்கடலும் செல்னரின் முகமும் வரும், கப்பலை ஓட்டுகிற ஆட்களுக்கு அதில் இடமில்லை.

சார்சிஸ் மீனவர்கள்

ஆகஸ்ட் தொடக்கத்தில் கப்பல் லிபியக் கரைக்கு அப்பால் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரம் அக்வாரியஸைப் பின்தொடர்ந்தது. அப்புறம் எரிபொருளும் உணவும் எடுக்க ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. கத்தானியா மேயர் ஏற்கெனவே எதிர்ப்புத் தெரிவித்திருந்தார். துனிசியாவின் தெற்கே சார்சிஸ் என்ற ஊருக்கு வருகிறது என்று தெரிந்ததும் அந்த ஊர் மீனவர்கள் துறைமுகத்தில் கூடி, விட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். எரிபொருள் நிரப்பும் இடத்தையே மறிப்போம் என்றார்கள். சங்கத் தலைவர் ஷம்செத்தின் பூரசின், இனவெறிக்காரர்களை இங்கே விடுவதாவது என்று பத்திரிகைகளிடம் நேராகவே சொன்னார். நாட்டின் பெரிய தொழிற்சங்கமும் கூடச் சேர்ந்தது. சி-ஸ்டார் உள்ளே வரவே இல்லை.

இந்த மீனவர்கள் கொள்கை படித்து இதைச் செய்யவில்லை. சார்சிஸ் கடலில் வலை போட்டால் பிணம் வரும். லிபியாவிலிருந்து புறப்பட்டு மூழ்கியவர்களின் உடல்கள் அந்தக் கரையில்தான் ஒதுங்குகின்றன, பெயர் தெரியாதவர்களுக்கென்றே அந்த ஊரில் ஓர் இடுகாடு உண்டு. 2016இல் மட்டும் மத்தியதரைக் கடலில் இறந்தவர்கள் 5,000க்கு மேல். உயிரோடு தத்தளிப்பவர்களைக் கண்டால் மீன்பிடியை விட்டுவிட்டு ஏற்றிக்கொண்டு வருவது அவர்களுக்கு வழக்கம். அந்த வழக்கத்துக்காக பூரசின் விலையும் கொடுத்தார். 2018 ஆகஸ்ட் கடைசியில், இயந்திரம் பழுதாகி நின்ற ஒரு சிறு படகை இத்தாலியின் லாம்பெடூசா தீவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் விட்டதற்காக அவரையும் அவர் ஆட்களையும் இத்தாலி கைது செய்து மூன்று வாரத்துக்கு மேல் சிசிலியில் சிறையில் வைத்தது, பிறகு விடுவித்தது. சி-ஸ்டாரைத் தடுத்தவர்களுக்குச் சிறை, சி-ஸ்டாரை அனுப்பியவர்களுக்கு அந்தக் கடலில் எந்த வழக்கும் இல்லை. எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

ஆகஸ்ட் 11 அன்று சி-ஸ்டாரின் இயந்திரத்தில் கோளாறு. ரோமில் இருக்கும் மீட்பு ஒருங்கிணைப்பு மையம், பக்கத்தில் இருந்த ஸீ-ஐ கப்பலை உதவிக்குப் போகச் சொன்னது. ஸீ-ஐ ஜெர்மனியத் தொண்டு நிறுவனத்தின் கப்பல், எந்த மீட்புக் கப்பல்களை முடக்க இவர்கள் வந்தார்களோ அதில் ஒன்று. அவர்கள் மறு பேச்சில்லாமல் சி-ஸ்டாரை நோக்கிக் கப்பலைத் திருப்பினார்கள். கடலில் ஆபத்தில் இருப்பவன் எந்த நிறம், எந்த மதம், எந்தக் கொள்கை என்று பார்ப்பதில்லை என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். சி-ஸ்டார் உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் 17 அன்று வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று அறிவித்தார்கள். தண்ணீர் நிரப்பவும் மால்ட்டா அனுமதிக்கவில்லை. இளைஞர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இலையுதிர் காலத்தில் கப்பல் பார்சிலோனாவுக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது, எரிபொருள் இல்லாமல், சம்பளம் வராத மாலுமிகளோடு.

தோல்வியா?

அதே வாரங்களில் நடந்த மற்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தாலி அரசு மீட்புக் கப்பல்களுக்கு நடத்தை விதி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 2 அன்று யூவெந்தா என்ற மீட்புக் கப்பலைப் பறிமுதல் செய்தது. லிபியா தன் கடற்பகுதிக்குள் வெளிநாட்டுத் தொண்டுக் கப்பல்கள் வரக்கூடாது என்றது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் கப்பல் ஒன்றை நிறுத்தி வைத்தது. இதெல்லாம் சி-ஸ்டாரால் நடந்தது என்று சொன்னால் பொய், அரசுகள் தங்கள் கணக்கில் செய்தவை அவை. ஆனால் மீட்புக் கப்பல் என்றாலே கடத்தல்காரனுக்குக் கூட்டாளி என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பேச்சுக்கு ஒரு கப்பலும் கொடியும் தினசரி வீடியோவும் கிடைத்தன. யூவெந்தா ஆட்கள் மேல் போட்ட வழக்கு, விசாரணைக்கே போகத் தகுதியில்லை என்று 2024 ஏப்ரலில் தள்ளுபடியானது. ஏழு வருடம், அதற்குள் கப்பல் துருப்பிடித்துப் போயிற்று.

பணத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒருவன் 2017 செப்டம்பரில், அதாவது டிஃபெண்ட் யூரோப் முடிந்த கையோடு, இந்த இயக்கத்தின் பிரெஞ்சுக் கிளைக்கு நன்கொடை அனுப்பினான். 2018 ஜனவரியில் செல்னருக்கு 1,500 யூரோ அனுப்பினான். செல்னர் நன்றி சொல்லி மின்னஞ்சல் எழுதினார், வியன்னா வந்தால் சந்திக்கலாம் என்ற அளவுக்குப் பேச்சு போனது. 2019 மார்ச் 15 அன்று அவன் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வந்தவர்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியில் எழுதியிருந்த பெயர்களில் சார்ல் மார்டெலும் உண்டு. அவனிடம் இப்படியொரு திட்டம் இருப்பது தனக்குத் தெரியாது என்று செல்னர் சொன்னார், தாக்குதலில் அவருக்குப் பங்கிருந்ததாக எந்த விசாரணையும் சொல்லவில்லை. அது சரி. ஆனால் புவாத்தியே மசூதிக் கூரையில் விரித்த கதை பூமியின் மறுகோடியில் இருந்தவன் கைக்கு எப்படிப் போனது என்ற கேள்வியை அந்தப் பதில் தொடுவதே இல்லை.

அரசுகள் பிறகு விழித்துக்கொண்டன. பிரான்ஸ் 2021 மார்ச்சில் அமைப்பைக் கலைத்தது. ஆஸ்திரியா அதே வருடம் லாம்ப்டா சின்னத்தைத் தடை செய்தது. பிரிட்டன் அதற்கு முன்பே, 2018இல், செல்னரை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பியிருந்தது. கொடியையும் சின்னத்தையும் தடை செய்யலாம், ஆனால் அந்தக் கூட்டம் விற்ற முக்கியமான சரக்கு கொடியே இல்லை, 'ரெமிக்ரேஷன்' என்ற திட்டம்தான். வெளியிலிருந்து வந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பெருந்திரளாகத் திருப்பி அனுப்புவது என்பதை அலுவலகப் பெயர் வைத்து மரியாதைப்படுத்தியது. 2023 நவம்பரில் போட்ஸ்டாம் பக்கத்தில் ஒரு விடுதியில் ஜெர்மனியின் தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சிக்காரர்கள் சிலரும் இருந்த கூட்டத்தில் செல்னர் இதை விளக்கினார். 2024 ஜனவரியில் கொரெக்டிவ் என்ற புலனாய்வுக் குழு அதை வெளிக்கொண்டு வந்தபோது ஜெர்மனி முழுவதும் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். சரியாக ஒரு வருடத்தில், 2025 ஜனவரியில் ரீஸா மாநாட்டில், ஏ.எஃப்.டி. அந்தச் சொல்லைத் தன் தேர்தல் அறிக்கையிலேயே சேர்த்தது. பிப்ரவரித் தேர்தலில் நாட்டின் இரண்டாவது பெரிய கட்சியாக வந்தது.

2025 மே 17 அன்று மிலான் பக்கத்தில் கல்லராத்தே ஊரின் நாடக அரங்கில் 'ரெமிக்ரேஷன் உச்சி மாநாடு' நடந்தது. பல நாட்டுக்காரர்கள் வந்தார்கள், செல்னரும் பேசினார். சில நூறு பேர்தான் வந்தார்கள், மிலானில் எதிர்ப்பாளர்கள் ஊர்வலம் போனார்கள் என்று பல செய்திகள் முடித்துக்கொண்டன. 2007இல் பிரஸ்ஸல்ஸிலும் அரங்கில் இருந்தது இதைவிடச் சிறிய கூட்டம்தான். இன்று அரங்குக்கு வெளியே அவர்கள் சொல்லை எடுத்துப் பேச ஜெர்மன் நாடாளுமன்றத்தில் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கல்லராத்தே பற்றி எழுதுகிறவர்கள் அரங்கில் எத்தனை நாற்காலி நிரம்பியது என்பதோடு நிற்காமல், மேடைக்கு யார் பணம் கொடுத்தது, அங்கே பேசியது எந்தக் கட்சியின் அறிக்கைக்குப் போகிறது என்பதையும் எழுதுங்கள். சி-ஸ்டார் போன்ற இன்னொன்று கிளம்பினால், அதை யார் ஓட்டுகிறார்கள், அவர்களுக்குக் கூலி போகிறதா என்பதை முதல் நாளே கேளுங்கள்.